தண்ணீரிலிருந்து எழுபத்தைந்து அடி

அத்தியாயம் 11

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், காற்றின் வேகத்தில் டாமரக் ஏரியின் பனிக்கட்டி அப்படியே நகர்ந்து கரையேறி, ஆர்னி தோர்சனின் வீட்டு முகப்பை அப்பளமாய் நொறுக்கிப் போட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சேதம் பாதிக்குள் இருந்திருந்தால் இருந்த இடத்திலேயே பழுது பார்த்திருக்கலாம். பார்வையிட வந்தவர் பாதிக்கு மேல் என்று எழுதிவிட்டார். பாதியைத் தாண்டினால் புது வீட்டுக் கணக்கு. புது வீடு என்றால் தண்ணீரிலிருந்து எழுபத்தைந்து அடி தள்ளித்தான் கட்ட வேண்டும்.

பழைய வீடு இருந்தது முப்பத்தொரு அடியில்.

எழுபத்தைந்து அடி தள்ளிப் போகலாம் என்றால் ஆர்னியின் மனையில் எழுபதாவது அடியிலேயே சதுப்பு ஆரம்பித்துவிடுகிறது. தவளைதான் வீடு கட்டும். ஆகவே அவர் விதிவிலக்கு கேட்டு மனுப் போட்டார். அந்த மனுவை விசாரிக்கும் ஐந்து பேர் குழுவில் அவருடைய தங்கை சிக்னி பதினான்கு வருஷமாக இருக்கிறாள்.

"உன் மனுவுக்கு நான் ஓட்டுப் போட முடியாது, ஆர்னி. விலகித்தான் உட்காரணும்" என்று சிக்னி சொன்ன அன்று அவர் ஃபோனை வைத்தவர்தான். ஏழு வாரமாக அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சில்லை.

விசாரணை நாள் வந்தது. ஜூன் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை.

காலை எட்டு மணிக்கே சிக்னியின் ஃபோன் அடித்தது. அண்ணி மார்லிஸ். பக்கவாதம் வந்ததிலிருந்து மார்லிஸுக்குச் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி விழும். நாக்கின் கூர்மை மட்டும் கொஞ்சமும் மழுங்கவில்லை.

"நாத்தனாரே, உங்க அண்ணன் கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கறார். பட்டன் ரெண்டு மூட மாட்டேங்குது. இந்தக் கோலத்தைப் பார்த்தே குழு இரக்கப்பட்டுடும்."

சிக்னி சிரித்துவிட்டாள். "என்னைப் பத்தி ஏதாவது பேசறாரா?"

"உன் பேச்சை எடுத்தா நாய்க்குச் சோறு வைக்கப் போயிடறார். நாய் குண்டாயிட்டே போகுது."

சிக்னி காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள். "மார்லிஸ், நிஜமாச் சொல்லு. உனக்கு அதே இடத்துலதான் வீடு வேணுமா?"

"படிக்கட்டு இருக்கக் கூடாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தா தண்ணி தெரியணும். எனக்கு அவ்வளவுதான். முப்பது அடியா தொண்ணூறு அடியான்னு என் கண்ணு அளந்தா பார்க்கப் போகுது? ஆனா அவருக்கு அது அப்பா ஆணி அடிச்ச இடம். பக்கத்துல நின்னு ஆணி எடுத்துக் குடுத்தவர் அவர்."

"தெரியும்."

"இப்ப ஊர்ல ரெண்டு ரூம் வாடகை வீட்ல இருக்கோம். ஜன்னலைத் திறந்தா பெட்ரோல் பங்க். நானும் தினம் எத்தனை காருக்கு பெட்ரோல் போடறாங்கன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன்."

ஃபோனை வைத்த பிறகு சிக்னி காபியைக் குடிக்காமலே ஆறவிட்டாள்.

இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். பனிப்புயலிலும் நிறுத்தக் கோட்டைத் தாண்டாதவள் என்று பெயர். கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் கிரெட்டா, மினியாபொலிஸில் பள்ளி ஆசிரியை. வரும் வசந்தத்தில் கணவனோடு ஊருக்கே திரும்பி, ஆர்னியின் மனைக்குப் பக்கத்தில் இருக்கும் சிக்னியின் காலி மனையில் வீடு கட்டப் போகிறாள். அப்பா தன் நிலத்தை இரண்டாகப் பிரித்தபோது வீடு இருந்த பாதி மகனுக்கும், பைன் மரம் நின்ற மேட்டுப் பாதி மகளுக்கும் போயிற்று. கிரெட்டா வீட்டுப் படத்தை வரைந்து அனுப்பியிருந்தாள். அது சிக்னியின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது.

*

மாவட்ட அலுவலகத்தின் அடித்தளத்து அறையில் ஐந்து நாற்காலிகள் போட்ட நீள மேஜை. நடுவில் தலைவர் லவெர்ன். பால் மாடு வைத்திருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அவசரமாகச் சொல்ல மாட்டார். ஐந்தாவது நாற்காலி காலியாக இருந்தது. சிக்னி என்று எழுதிய பலகையை யாரோ முகம் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

சிக்னி பொதுமக்கள் வரிசையில் கடைசியில் போய் உட்கார்ந்தாள். அந்த அறையை அந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. மேஜை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆர்னி எழுந்தார். அறுபத்து நாலு வயது ஆள் பள்ளிக்கூடத்துப் பையன் போலக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இது எங்க அப்பா கட்டின வீடு. அப்போ இந்தச் சட்டமே இல்ல. நான் ஒரு அடிகூட முன்னால வரல. இருந்த அளவு, இருந்த உயரம், இருந்த இடம். பின்னால போகச் சொன்னா சதுப்புலதான் போய் விழணும். என் மனைவிக்கு இடது காலும் கையும் வராது. அவளுக்குச் சமதரை வேணும். எங்க மனையில சமதரை அந்த ஒரு இடம்தான்."

லவெர்ன் கண்ணாடியைக் கழற்றினார். "ஆர்னி, உன் மனைவி விஷயத்துல எங்க எல்லாருக்கும் வருத்தம்தான். ஆனா சட்டம் ஆளைப் பார்க்காது, நிலத்தைத்தான் பார்க்கும். கஷ்டம் நிலத்துல இருக்கணும்."

முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த மார்லிஸ் தலையைத் திருப்பினாள். "அப்போ நிலத்துக்குப் பக்கவாதம் வந்தாத்தான் கேப்பீங்களா, லவெர்ன்?"

அறை சிரித்தது. லவெர்னும் சிரித்தார். ஆனால் குறிப்பேட்டில் ஒன்றும் எழுதவில்லை.

"வேற யாராவது பேசணுமா?"

பின்னாலிருந்து டுவேன் எழுந்தார்.

டுவேன் ஆர்னிக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில் மனுவோடு நின்றவர். மறுத்துவிடலாம் என்று அன்றைக்கு முன்மொழிந்தது சிக்னிதான். அதற்குப் பிறகு கடையில் எதிரே வந்தால் டுவேன் வேறு வரிசைக்குத் திரும்பிவிடுவார்.

"என் வீட்டுக்காரி கானி முன் அறையை ஏரிப் பக்கமாப் பதினாலு அடி நீட்டணும்னு ஆசைப்பட்டா. முடியாதுன்னு சொன்னீங்க. சரி, விட்டோம். இந்த ஏப்ரல்ல பனிக்கட்டி எங்க வீட்டுக்கும் வந்தது. சுவருக்கு ஒன்பது அடி முன்னால நின்னுடுச்சு. நான் டேப் வச்சு அளந்தேன். அந்த அறையைக் கட்டியிருந்தா இன்னைக்கு அது இருக்காது."

நான்கு தலைகள் ஆடின. சிக்னி தன் கைகளைப் பார்த்தாள்.

"நான் நன்றி சொல்ல வந்திருக்கேன்னு நினைக்கறீங்க. இல்ல. கானி போய் அஞ்சு வருஷம் ஆச்சு. கட்டியிருந்தா அந்த அறையில அவ ஏழு வருஷம் உட்கார்ந்திருப்பா. அறை போனா போகட்டும். மரம்தானே, திரும்ப வாங்கிக்கலாம். அந்த ஏழு வருஷத்தை எந்தக் கடையில வாங்கறது?"

லவெர்ன் மெதுவாகக் கேட்டார். "அப்போ ஆர்னிக்குக் குடுக்கணும்கறியா, வேண்டாம்கறியா?"

"தெரியல. தெரிஞ்சா உன் நாற்காலியில நான் உட்கார்ந்திருப்பேன்." டுவேன் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சிக்னியை அவர் பார்க்கவும் இல்லை, பார்க்காமல் தவிர்க்கவும் இல்லை.

பதினான்கு வருஷத்தில் எத்தனை மனு வந்திருக்கும்? அதில் எத்தனை மறுத்திருப்பாள்? ஒவ்வொரு தடவையும் அளவு சரியாகத்தான் இருந்தது. மறுத்த ஒவ்வொரு அறைக்குள்ளும் யார் உட்கார ஆசைப்பட்டார்கள் என்று அவள் கேட்டதில்லை. அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பாள்? பனிக்கட்டி கேட்டுவிட்டா வருகிறது? ஏரிக்குள் மண் சரிந்து தண்ணீர் பாசி பிடித்தால் அது ஒருத்தர் வீட்டோடு நிற்குமா? இரண்டும் உண்மையாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மனைப் பிரிவு அதிகாரி நடாலி தன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். முப்பது வயதுக்காரி, யாருக்கும் உறவில்லாத ஊரிலிருந்து வேலைக்கு வந்தவள். அதனால் பயமில்லாமல் படித்தாள்.

"எட்டாவது கேள்வி. விதிவிலக்கு இல்லாமக் கட்ட வேற வழி இருக்கா? மனுதாரர் இல்லைன்னு எழுதியிருக்கார். ஆனா வடக்குப் பக்கத்து மனை மேட்டு நிலம். எல்லையை ஒட்டி ஒரு துண்டு அவருக்குக் கிடைச்சா, எண்பது அடியில சமதரையா வீடு வரும். விதிவிலக்கே தேவைப்படாது. அந்த மனை..." அவள் பெயரைத் தேடிவிட்டு நிமிர்ந்தாள். "சிக்னி அம்மாவோடது."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின.

"சிக்னி," என்றார் லவெர்ன், "இன்னைக்கு நீ இந்த மேஜையில இல்ல. பக்கத்து மனைக்காரியாக் கேக்கறேன். அந்தத் துண்டைக் குடுக்கவோ விக்கவோ..."

"அவளைக் கேக்காதீங்க!"

ஆர்னியின் குரல். காகிதம் கீழே விழுந்திருந்தது.

"அந்த மனை என் மருமகளோடது. கிரெட்டா வீடு கட்ட வரா. துண்டு போட்டா அவ மனை அகலம் பத்தாது, நீங்களே அவளுக்கு அனுமதி தர மாட்டீங்க. என் வீட்டுக்காக அந்தப் பொண்ணு வீட்டை எடுத்துக்க நான் இங்க வரல. என் மனையை மட்டும் பாருங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, போயிடறேன்."

சிக்னி எழுந்து நின்றது அவளுக்கே தெரியவில்லை.

லவெர்ன் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சனிக்கிழமை காலையில நாங்க நாலு பேரும் இடத்தை நேர்ல பார்க்க வரோம். முடிவு ஜூலைக் கூட்டத்துல." மரச் சுத்தியலால் ஒரு தட்டு.

*

வண்டி நிறுத்தும் இடத்தில் ஆர்னி சக்கர நாற்காலியை மடித்து ஏற்றிவிட்டு, அறையிலேயே மறந்து வைத்த சாவியை எடுக்கப் போயிருந்தார். பிக்கப் வண்டியின் ஜன்னல் வழியாக மார்லிஸ் சிக்னியைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அவர் வரதுக்குள்ள சொல்லிடறேன். மே மாசமே சர்வேயர் இந்த யோசனையைச் சொல்லிட்டான். தங்கச்சிகிட்ட ஒரு துண்டு கேளுங்க, வேலை முடிஞ்சுதுன்னான். உங்க அண்ணன் அவனைத் திட்டி அனுப்பிட்டார்."

"நான் ஓட்டுப் போட மாட்டேன்னதாலதான் அவர் பேசலைன்னு நினைச்சேன்."

"அது ரெண்டு நாள் கோபம். மிச்சமெல்லாம் பயம். உன்னோட பேசினா வாய் தவறிக் கேட்டுடுவாரோன்னு பயம்."

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். இப்ப அந்த நடாலிப் பொண்ணு ஊருக்கே சொல்லிட்டா. இனிமே என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு?" மார்லிஸ் நல்ல கையால் சிக்னியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "இதைக் கேளு. நான் உன்கிட்ட நிலம் கேக்கல. பெட்ரோல் பங்க்கைப் பார்த்தே சாகவும் தயார். ஆனா நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கறதைப் பார்த்துக்கிட்டு சாக முடியாது. ரெண்டுல ஒண்ணுதான் தாங்கும்."

ஆர்னி சாவியோடு வந்தார். தங்கையைப் பார்த்துத் தலையை ஒரு விரற்கடை அசைத்தார். வண்டி கிளம்பியது.

*

மாலை ஏழு மணி. ஜூன் வெயில் இன்னும் இறங்கவில்லை. சிக்னி நூறு அடி டேப்பை எடுத்துக்கொண்டு தன் மனைக்குப் போனாள். கொசு காதருகில் பாடியது.

எல்லைக் குச்சியில் டேப்பின் கொக்கியை மாட்டிவிட்டு வடக்கே நடந்தாள். முப்பது அடி போனதும் கொக்கி கழன்றது. திரும்பி வந்து மாட்டினாள். மறுபடி கழன்றது.

"அந்தக் குச்சி உளுத்துப் போச்சு. நிக்காது."

எல்லைக்கு அந்தப் பக்கம் ஆர்னி. கோட்டைக் கழற்றிப் பழைய சட்டைக்கு மாறியிருந்தார். இடிந்த வீட்டில் பலகை பொறுக்க வந்திருப்பார் போல. கையில் ஆணி பிடுங்கும் கம்பி.

"வேடிக்கை பார்க்கறதுக்குப் பதிலா நுனியைப் பிடிச்சா குறைஞ்சா போயிடுவே?" என்றாள் சிக்னி.

ஏழு வாரத்துக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் வாக்கியம் அதுதான். அவர் கம்பியைப் புல்லில் போட்டுவிட்டு வந்து கொக்கியைப் பிடித்தார்.

"என்னத்துக்கு அளக்கறே?"

"அளக்கறதுக்கு யாரும் அனுமதி கேக்கறதில்ல. பிடி."

அளந்தார்கள். வீடு வருவதற்கு வேண்டியது ஐம்பத்தெட்டு அடி. சிக்னியின் மனை மொத்த அகலம் நூற்றெழுபத்தைந்து. போக மிச்சம் நூற்றுப் பதினேழு. வீடு கட்டச் சட்டம் கேட்கும் அகலம் நூற்றைம்பது. இருவருக்கும் கணக்குத் தெரியும்; இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"நீ ஏன் என்கிட்ட கேக்கல, ஆர்னி?"

அவர் ஏரியைப் பார்த்தார். "கேட்டா நீ குடுத்திருப்பே."

சிக்னி பைன் பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டே நின்றாள்.

"முப்பத்து மூணு அடி குறையுது," என்றாள் பிறகு. "அதுக்கும் ஒரு விதிவிலக்கு கேக்கலாம். அகலத்துக்கு."

"யார் கேக்கறது?"

"நான்தான். எழுதிக் குடுத்துட்டு, நீ இன்னைக்கு நின்ன இடத்துல போய் நிக்கணும்."

"லவெர்ன் ஆளைப் பார்க்க மாட்டான். நிலத்தைத்தான் பார்ப்பான்."

"எனக்கே பாடமா? அந்த வரியை அவருக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

ஆர்னி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "கேட்டு, அவங்க முடியாதுன்னுட்டா? துண்டும் போயிருக்கும், கிரெட்டா வீடும் போயிருக்கும். வேண்டாம் சிக்னி. அந்தப் பொண்ணைக் கேக்காம ஒரு குச்சிகூட நடாதே."

"கேக்கத்தான் போறேன்."

அங்கேயே நின்று ஸ்பீக்கரில் ஃபோன் போட்டாள். ஆர்னி கொக்கியைப் பிடித்தபடி நகராமல் இருந்தார். கிரெட்டா இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். அம்மா முழுவதையும் சொன்னாள்: விசாரணை, அறிக்கை, மாமா கத்தியது, ஐம்பத்தெட்டு அடி. எதையும் பூசி மெழுகவில்லை.

அந்தப் பக்கம் ஏதோ கதவு சாத்தும் சத்தம்.

"கிரெட்டா?"

"மாமா கேக்கச் சொன்னாரா?"

"அவர் கேக்கக் கூடாதுன்னுதான் சொன்னார். நான் கேக்கறேன்."

"அம்மா..." கிரெட்டாவின் குரல் மெலிந்தது. "ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தேன். போன வெள்ளிக்கிழமை நான் வேலையை விட்டுட்டேன். வீட்டையும் காலி பண்றோம். வசந்தம் வரைக்கும் காத்திருக்க முடியாது. இந்த இலையுதிர் காலத்துக்குள்ள அஸ்திவாரம் போடணும்."

"ஏன் இவ்வளவு அவசரம்? என்ன ஆச்சு?"

"ஃபோன்ல வேண்டாம். ஞாயித்துக்கிழமை வரேன்."

இணைப்பு அறுந்தது. சிக்னி ஃபோனைக் கீழே இறக்கினாள். மரக்கூட்டத்தின் அமைதியில் மகளின் ஒவ்வொரு சொல்லும் ஆர்னிக்கும் கேட்டிருந்தது.

அவர் விரல்களைத் திறந்து கொக்கியை விட்டார். ஐம்பத்தெட்டு அடி டேப்பும் புல்லில் சரசரவென்று பாம்பாய் ஓடி வந்து அவள் கையிலிருந்த பெட்டிக்குள் அடங்கியது. அவர் தன் எல்லையை நோக்கித் திரும்பினார்.

"ஆர்னி."

நின்றார்.

சிக்னி டேப்பின் நுனியை வெளியே இழுத்துக்கொண்டு அவரிடம் நடந்தாள். கொக்கியை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"உன்னை யார் விடச் சொன்னா? இதுவரைக்கும் ஒரு பக்கம்தான் அளந்திருக்கோம். பிடி."

ஆர்னி பிடித்துக்கொண்டார்.